சத்தமும் குற்றமும்

"பம்ப் போச்சுண்ணே" என்று சொல்லிக்கொண்டுதான் பெரும்பாலும் வருவார்கள். என்ன சத்தம், வண்டி குளிர்ந்திருக்கும்போதா சூடேறிய பிறகா, நேர் ரோட்டிலா ஒடிக்கும்போதா என்று நாம் கேட்பதற்குள் தீர்ப்பு வந்துவிடும். போடிநாயக்கனூரில் ஏலக்காய் எஸ்டேட் ஜீப்புகளுக்கு அடியில் படுத்துக் கிடப்பது என் பிழைப்பு. விடியுமுன் கூலி ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, பூப்பாறைப் பக்கம் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்புகிற வண்டிகள். கமாண்டர், மேஜர், எம்எம் 540 என்று மகிந்திராவின் பழைய ரகங்கள். கம்பெனியிலிருந்து வந்தபோது இவற்றில் பலவற்றுக்குப் பவர் ஸ்டீரிங் கிடையாது. தோள்பட்டை ஓய்ந்துபோன டிரைவர்கள் காயலான் கடையில் ஸ்டீரிங் பாக்ஸையும் பம்பையும் தேடிப்பிடித்து மாட்டிக்கொண்டார்கள். பாதிக் கோளாறு அப்படி மாட்டிய இடத்தில்தான் பிறக்கிறது.

எனக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கையிலுள்ள கிரீஸைத் தேய்த்துக் கழுவிவிட்டுச் சைவ சித்தாந்த வகுப்பில் போய் உட்காருவேன். திருவாவடுதுறை ஆதீனம் ஊர் ஊராக நடத்தும் பயிற்சி வகுப்பு. தேவாரம் எனக்குப் பண்ணோடு பாட வராது. ஆனால் போன உடனே என்னைப் பிடித்துக்கொண்டது அளவை. ஒன்றை உண்மை என்று எதை வைத்து ஏற்பது என்கிற பாடம். அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியார் சுபக்கத்தைத் தொடங்குவதே அதில்தான். கடவுளைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, 'உனக்கு எப்படித் தெரிந்தது?' என்ற கணக்கைத் தீர்த்துவிடுகிறார். பிறர் பத்து வரைக்கும் விரித்துச் சொன்ன அளவைகளைக் காட்சி, கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்குகிறார். கண்ணால் பார்ப்பது, பார்த்ததை வைத்து யூகிப்பது, அறிந்தவர் சொல்லக் கேட்பது. பட்டறைக்காரன் நாள் முழுக்கச் செய்வது இந்த மூன்றைத்தான் என்பதால் எனக்கு அது புதிய இடமாகவே தெரியவில்லை.

அந்தப் பாடத்தோடு நெடுநாளாக ஒட்டிக்கொண்டிருக்கும் கேள்வி இது. ஒருவனுக்கு ஒரு கெடுதல் வந்தால், அதற்குக் காரணம் இன்னது என்று சொல்லும் உரிமை நமக்கு எப்போது வருகிறது? வினை என்கிறோம், கிரகம் என்கிறோம், ராசி என்கிறோம். சொல்வது சுலபமாக இருக்கிறது. வண்டியில் அவ்வளவு சுலபமாகச் சொன்னால் மூவாயிரம் நாலாயிரம் ரூபாய் தண்டம்.

பவர் ஸ்டீரிங் பம்பைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. பெல்ட் சுற்றினால் உள்ளே ஒரு ரோட்டர் சுற்றும். அதன் பிளவுகளில் சின்னச் சின்ன எஃகுத் தகடுகள். சுற்றுகிற வேகத்தில் அவை வெளியே தள்ளப்பட்டு, நீள்வட்ட வளையத்தின் சுவரை உரசியபடி ஓடும். இரண்டு தகடுகளுக்கு நடுவிலுள்ள இடம் விரியும்போது எண்ணெயை உறிஞ்சும், சுருங்கும்போது தள்ளும். தள்ளுகிற பக்கத்தில் அழுத்தம் ஆயிரம் பிஎஸ்ஐக்கு மேலும் ஏறும். உறிஞ்சுகிற பக்கத்திலோ வெளிக்காற்றைவிடக் குறைவு. இந்த வித்தியாசத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

பெல்ட் நழுவினால் கீச்சென்று கத்தும். ஃபுல் லாக்கில் ஒடித்துப் பிடித்துக்கொண்டிருந்தால் உள்ளே ரிலீஃப் வால்வு திறந்து உறுமும்; அது கோளாறே இல்லை, வால்வு தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். எண்ணெயில் காற்று கலந்தால் ஊளையிடும், ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஊளையும் ஏறும். எண்ணெய் போதாமல் பட்டினி கிடந்தாலும் அதே ஊளைதான். இத்தனை சத்தமும் பானெட்டுக்குள் ஒரே மூலையிலிருந்து வருகிறது. காது அந்த மூலையைச் சரியாகக் காட்டும். யார் செய்த வேலை என்பதைக் காட்டாது.

மணிமேகலையில், வஞ்சி மாநகரில் சமயவாதிகளின் திறம் கேட்கும் காதையில், அளவைவாதி யூகத்தை மூன்றாகப் பிரிக்கிறான். கருத்த மேகத்தைக் கண்டு மழை வரும் என்பது ஒன்று. ஆற்றில் வெள்ளத்தைக் கண்டு மேலே மழை பெய்திருக்கிறது என்பது ஒன்று. காட்டில் ஒலி கேட்டு யானை அங்கே இருக்கிறது என்பது ஒன்று. யானை விஷயத்தில் எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொந்த அனுபவமே உண்டு. 2023 மே மாதம் காட்டு யானை அரிக்கொம்பன் கம்பத்துத் தெருவுக்குள் வந்து போனானே, அதற்குப் பிறகு கொஞ்ச நாளைக்கு வாழைத் தோப்பில் மட்டை முறிந்து விழுந்தால்கூட யானைதான். வனத்துறை அவனைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டில் கொண்டுபோய் விட்ட பிறகும் மட்டைகள் முறிந்துகொண்டுதான் இருந்தன.

இப்படிச் சத்தத்தை வைத்தே தீர்ப்பு எழுதப்பட்ட ஒரு மேஜர் ஜீப் என் பட்டறைக்கு வந்தது, ஏலக்காய் எடுப்பு மும்முரமாக இருந்த சமயம். ஜீப்காரர் என்னைவிட மூத்தவர். பழைய ஆள், நல்ல மனுஷர். ஏற்கெனவே வேறு இடத்தில் இரண்டு பம்ப் மாற்றியாகிவிட்டது. மூன்றாவதைத் துணிப்பையில் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"தம்பி, இதை மாட்டிக் குடு. புலி மாதிரி உறுமுது. மேட்டுல மூணாவது வளைவு தாண்டினா ஒடிக்கவே முடியல. வெட்டி வெட்டிப் பிடிக்குது."

"எப்ப இருந்துண்ணே?"

"அந்தப் பய வந்ததுல இருந்து."

பய என்றது புதிதாகச் சேர்ந்த டிரைவர். இருபது இருபத்தொரு வயதிருக்கும். ஃபுல் லாக்கில் பிடித்துப் பிடித்தே பம்பைத் தின்றுவிட்டான் என்பது முதல் குற்றச்சாட்டு. அதிலாவது ஒரு நியாயம் இருந்தது. அப்படிப் பிடித்தால் எண்ணெய் கொதித்து பம்ப் கெடுவது உண்டு. இரண்டாவது குற்றச்சாட்டு அவன் ராசி. அவன் வண்டியில் கால் வைத்த வாரத்தில் டயர் வெடித்ததாம். மறு மாதம் வீட்டில் மாடு செத்ததாம். அவரே குச்சனூருக்குப் போய்ச் சனீஸ்வரனுக்கு எள் தீபம் போட்டு வந்தார். பத்து நாள் சத்தம் அடங்கி இருந்தது. பிறகு மறுபடியும் ஆரம்பித்தது. "அவன் வண்டியில இருக்கிற வரைக்கும் சாமியும் என்ன பண்ணும்?" என்று பையனை நிறுத்திவிட்டார்.

மணிமேகலையின் அதே காதையில் அறிவு பிழைபடும் வழிகள் எட்டு சொல்லப்படுகின்றன. அதில் ஒன்று தேராது தெளிதல். தூரத்தில் நிற்கும் கட்டையை ஆராயாமலே மனிதன் என்று முடிவு கட்டிவிடுவது. கட்டையா மனிதனா என்று தயங்கி நிற்கிற ஐயத்தையும் அந்தப் பட்டியல் பிழை என்றே சேர்த்திருக்கிறது. அதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. தயங்குகிறவன் அவசரப்பட்டு பம்பைக் கழற்ற மாட்டான். அவனால் யாருக்கும் செலவில்லை.

புதுப் பம்பைத் துணிப்பையிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினேன். இன்ஜினை அணைத்துவிட்டுக் கையால் இரண்டு பக்கமும் ஒடித்துப் பார்த்தேன். எங்கும் இறுகவில்லை. கிங்பின், டை ராடு எண்ட், ஸ்டீரிங் ராடின் கிராஸ் எல்லாம் நிரபராதி. இறக்கி ஸ்டார்ட் செய்து எண்ணெய் டப்பாவின் மூடியைத் திறந்தேன். சிவப்பாக, கண்ணாடிபோல் இருக்க வேண்டிய ஆயில் நுரை தள்ளி ரோஸ்மில்க் நிறத்தில் நின்றது. எங்கோ காற்று ஏறுகிறது. பம்புக்கும் பாக்ஸுக்கும் நடுவே மீட்டர் வைத்து வால்வை ஒரு கணம் மூடினேன். இதை ஐந்து விநாடிக்கு மேல் மூடி வைக்கக் கூடாது, வைத்தால் நல்ல பம்பையும் நாமே கொன்றுவிடுவோம். முள் நடுங்கியது, ஆனாலும் ஏற வேண்டிய அளவுக்கு ஏறிவிட்டது. இரண்டாவதாக மாற்றிய அந்தப் பம்ப்பில் ஒரு குறையும் இல்லை.

அப்போது ஜீப்காரர் சொன்னார்: "காத்து எப்படித் தம்பி ஏறும்? ஒரு சொட்டு ஆயில் ஒழுகல. நானே துணி வச்சுத் துடைச்சுப் பாத்துட்டேன்."

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அவர் சொன்னது முட்டாள்தனமான பேச்சு அல்ல. சித்தாந்த நூல்கள் ஏதுவை வகைப்படுத்தும்போது இல்லாமையையும் ஒரு ஏதுவாகச் சொல்கின்றன. அனுபலப்தி என்பார்கள். குளிர் இல்லை, ஆகவே பனி இல்லை. மேசைமேல் ஸ்பேனர் தெரியவில்லை, ஆகவே அங்கே ஸ்பேனர் இல்லை. ஒழுகல் தெரியவில்லை, ஆகவே ஓட்டை இல்லை. மூன்றும் ஒரே வார்ப்பில் இருக்கின்றன. முதல் இரண்டும் செல்லும், மூன்றாவது செல்லாது. ஏன்? தர்க்க நூலார் இதற்கு ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்கள்: இருந்தால் கண்ணுக்குத் தெரிந்தே ஆக வேண்டிய பொருள் தெரியாவிட்டால்தான் அது இல்லை என்று சொல்லலாம். பட்டப்பகலில் மேசைமேல் ஸ்பேனர் இருந்தால் தெரிந்தாக வேண்டும். ஆனால் பம்ப்பின் உறிஞ்சுகிற பக்கத்தில் ஓட்டை இருந்தால் எண்ணெய் வெளியே வந்தாக வேண்டிய கட்டாயமில்லை. அங்கே அழுத்தம் குறைவு. எண்ணெய் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகும். இன்ஜின் நின்றபிறகு கிளிப் ஓரத்தில் லேசான ஈரம் தட்டுப்படலாம், அவ்வளவுதான். தள்ளுகிற பக்கத்து ஓட்டை ஊருக்கே தெரியும். உறிஞ்சுகிற பக்கத்து ஓட்டைக்கு வெளியே பெரிதாகத் தடயம் கிடையாது.

பிறகு வகுப்பில் இதைச் சொன்னபோது, இதைச் சாக்காக வைத்துத் தெரியாத எல்லாவற்றையும் உண்டென்று சொல்லிவிடலாமா என்று ஒருவர் கேட்டார். முடியாது. உறிஞ்சும் பக்கத்து ஓட்டை எண்ணெயைக் காட்டாவிட்டாலும் நுரையைக் காட்டுகிறதே. கண்ணுக்குத் தெரியாத காரணத்தைச் சொல்கிறவர் நுரையையாவது காட்ட வேண்டும். அந்தப் பையனின் ராசிக்கு யாரும் நுரை காட்டவில்லை. செத்த மாடு நுரை ஆகாது. எங்கள் தாலுகாவில் வருஷம் முழுக்க மாடு சாகிறது.

டப்பாவிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸ்மேல் சந்தேகம் விழுந்தது. வெளியே பார்த்தால் புதுக் கறுப்பு, வெடிப்பு ஒன்றும் இல்லை. விரலால் அமுக்கினால் வேகவைத்த கிழங்கு தோற்றது. கழற்றி நீளவாக்கில் கத்தியால் கிழித்தேன். தண்ணீருக்கான ஹோஸ், ரேடியேட்டர் பக்கம் போடுவது. எண்ணெயில் ஊறி உள்சுவர் உப்பி, ஒரு துண்டு நாக்கைப்போல உரிந்து நின்றது. சாதாரண ஓட்டத்தில் நாக்கு ஓரமாகக் கிடக்கும். மேட்டில் ஆர்பிஎம் ஏறி உறிஞ்சல் கூடும்போது எழுந்து வழியை அடைக்கும். ஊறித் தளர்ந்த முனைகளைக் கிளிப் என்னதான் இறுக்கினாலும் பிடிக்காது, அதன் வழியே காற்று. ஊளைக்கும் நுரைக்கும் மூன்றாவது வளைவுக்கும் ஒரே பதில் கையில் கிடைத்துவிட்டது.

ஜீப்காரர் அந்தக் கிழிந்த ரப்பரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பவர் ஸ்டீரிங் மாட்டியபோதே போட்ட ஹோஸ் என்றார். அதாவது பையன் வருவதற்கு வெகு முன்பே. பிறகு, என்னிடம் சொல்கிற மாதிரி இல்லாமல், "அவன்கூட ஹோஸ் மெத்துனு இருக்கு மொதலாளின்னு ஏதோ உளறிட்டுக் கிடந்தான்" என்றார்.

உரை என்ற மூன்றாவது அளவையை நாம் வேதாகமத்துக்கும் பெரியோர் வாக்குக்கும் மட்டும் ஒதுக்கிவைத்துவிட்டோம். சொல்கிறவன் அறிந்தவனாகவும் பொய் சொல்லக் காரணம் இல்லாதவனாகவும் இருந்தால் அவன் சொல் அளவை. அந்த வண்டியின் ஸ்டீரிங்கை நாள் முழுக்கக் கையில் பிடித்திருந்தவன் அந்தப் பையன் ஒருவன்தான். தினமும் காலையில் பானெட்டைத் திறந்து தொட்டுப் பார்த்தவனும் அவன்தான். சம்பளம் வாங்குகிறவன் வாயிலிருந்து வந்ததால் அது உளறல் ஆயிற்று.

முதல் பம்ப் மாற்றியபோது சத்தம் நின்றிருந்ததாம். அது ஏன் என்று கேட்பீர்கள். அவரும் கேட்டார். பம்ப் மாற்றினால் பழைய எண்ணெயைக் கொட்டிவிட்டுப் புதுசு ஊற்றுவோம். சக்கரத்தைத் தூக்கி இரண்டு பக்கமும் மெதுவாக ஒடித்து ஒடித்துக் காற்றை வெளியேற்றுவோம். கிளிப்பைப் புதிதாக இறுக்குவோம். கொஞ்ச நாளைக்கு அமைதியாகத்தான் இருக்கும். குச்சனூர் போய்வந்த பிறகு அடங்கியதற்கும் ஒரு கதை இருந்தது. அந்தப் பத்து நாளும் வண்டி மலையேறவில்லையாம், கீழே சந்தைக்குத்தான் ஓடியதாம். மருந்து கேட்டது என்பதற்காக நோய் இதுதான் என்று ஆகிவிடாது. நம் பரிகாரங்களில் எத்தனை இப்படிக் கிளிப் இறுகிய காரணத்தால் பலித்தவையோ!

நான் குச்சனூருக்கு எதிரி அல்ல. சனிக்கிழமைகளில் நானும் போகிறவன்தான், பூட்டி வைத்த மனதோடு போகிறவனும் அல்ல. வினை உண்டு என்று நம்புகிறேன். ஆனால் எங்கள் சமயம் வினையைப் பற்றி என்ன சொல்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். வினை சடம். தானாக நடந்துவந்து யார் தலையிலும் ஏறாது. செய்தவனிடம் அதைக் கூட்டுவிப்பவன் இறைவன். அது வந்து சேரும்போதும் தெய்வம், பூதங்கள், பிற உயிர்கள் என்று ஏதோ ஒரு வாயில் வழியாகத்தான் வரும். ஆகவே ஹோஸைக் கண்டுபிடித்ததால் வினை பொய்யாகிவிடவில்லை. வினை உண்டு என்பதற்காக ஹோஸைப் பார்க்காமல் விடுவதற்கும் அனுமதி இல்லை. குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்று மூன்றையும் பிரித்துக் காட்டிய மரபு, ஒன்றைச் சொல்லி மற்றதை விழுங்குகிறவனை ஏற்காது.

இதற்குமேல் நான் சொல்ல வருவது ஒன்றுதான். வினை உண்டு என்பதை நாம் உரையால் அறிகிறோம். இந்த மனிதனின் இந்தத் துன்பம் அவனுடைய இன்ன வினையால் வந்தது என்பதை அறிய நம்மிடம் எந்த அளவையும் இல்லை. காட்சிக்கு அது எட்டாது. கருதலுக்கும் எட்டாது, வெள்ளத்தைக் கண்டு மழையைச் சொல்கிற மாதிரி துன்பத்தைக் கண்டு பாவத்தைச் சொல்ல முடியாது. பழவினை எத்தனை பிறவிக்கு முந்தையது என்றே தெரியாதபோது எந்த வெள்ளத்துக்கு எந்த மழை என்று சொல்வது? கண்முன் நடப்பதை வைத்துக் கணக்குப் போட்டால் அதுவும் இடறும். பவர் ஸ்டீரிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பிரான்சிஸ் டேவிஸ் என்ற இன்ஜினியர் 1926லேயே வண்டியில் மாட்டி ஓட்டிக் காட்டிவிட்டார். பெரிய கம்பெனி ஒன்று ஒப்பந்தம் போட்டு, செலவு கட்டாது என்று பின்னால் கைவிட்டது. கிரைஸ்லர் தன் இம்பீரியல் காரில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1951ல். அதற்கு ஆதாரமாக இருந்தவை டேவிஸின் காலாவதியான காப்புரிமைகள். உழுதவர் ஒருவர், முதல் அறுவடை இன்னொருவருக்கு. இதை வைத்து டேவிஸ் முற்பிறவியில் என்ன செய்தார் என்று யாராவது சொல்லத் துணிவார்களா? அவரிடம் துணியாதவர்கள் போடியில் ஒரு டிரைவர் பையனிடம் துணிகிறார்கள்.

ஒருவன் தன் கஷ்டத்தைப் பார்த்து 'என் வினை' என்று சொன்னால் அது அடக்கம். அவனை ஒரு வாய்ச் சோறு நிம்மதியாகச் சாப்பிட வைக்கும். அதே சொல்லை அடுத்தவன்மேல் போட்டால் அது தேராது தெளிதல். கணவனை இழந்தவளையும், பிள்ளையைப் பறிகொடுத்தவளையும், கடை நொடித்தவனையும் பார்த்து அந்தச் சொல்லைப் போடுகிறவர்கள் சைவத்தின் பெயரால் பேசும்போது எனக்குக் கோபம் வருகிறது. சைவம் அந்த அதிகாரத்தை அவர்களுக்குக் கொடுக்கவில்லை. உயிரின் அறிவு சிற்றறிவு என்பது நம் முதல் பாடம்.

ஜீப்காரர் பையனுக்கு ஆள் அனுப்பினார். அவன் அதற்குள் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். மூன்றாவது பம்ப் துணிப்பையோடு அவர் வீட்டுப் பரணில் இருக்கிறது.

பழைய ஜீப்பில் பவர் ஸ்டீரிங் மாற்றி மாட்டியவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். டப்பாவிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸை விரலால் அமுக்கிப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் எண்ணெய்க்கென்றே விற்கும் ஹோஸாகக் கேட்டு வாங்கி மாற்றிவிடுங்கள், கிளிப்பும் புதிதாகப் போடுங்கள். டப்பாவின் அடியிலுள்ள சல்லடையைக் கழுவுங்கள். ஆயில் குறைந்தால் அவசரத்துக்குக்கூட பிரேக் ஆயிலை ஊற்றாதீர்கள், சீல் அத்தனையும் உப்பிவிடும். வண்டி ஓட்டுகிற பையன் ஏதாவது சொன்னால் இன்ஜினை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.